பூசாத வீட்டின் கம்பிக்கு என்ன ஆகும்?

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, நெடுஞ்சாலையை விட்டு ஊர்களுக்குள் திரும்பினால் பூசாத வீடுகள் கண்ணில் படாமல் இருக்காது. பில்லர் நிற்கும், பீம் ஓடும், அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பிகள் மொட்டை மாடியில் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை பணம் தீர்ந்து நின்றவை. சிப்காட்டில் வேலைக்குப் போகிற பிள்ளை கடன் வாங்கித் தளம் போட்டிருப்பார். பூச்சுவேலை அடுத்த போனஸுக்குக் காத்திருக்கும். அண்மைக் காலமாகச் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆர்க்கிடெக்டுகள் இன்னொரு வகையைப் பழக்கப்படுத்தி வருகிறார்கள்: கையில் பணம் இருந்தும், வேண்டுமென்றே பூசாமல் விட்ட கான்கிரீட் வீடு. தெருவில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

"பணம் பத்தலையாப்பா?" என்று சித்தப்பா கேட்பார். "இதுதான் டிசைன், சித்தப்பா" என்பார் வீடு கட்டியவர். அம்மாவுக்கோ கிரகப்பிரவேசப் பத்திரிகையை எந்த முகத்தோடு நீட்டுவது என்ற கவலை. குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கும், ஓட்டு வீட்டிலிருந்து காரை வீட்டுக்கும் ஏறி வந்த குடும்பத்துக்குப் பூசிய சுவரும் வண்ணமும்தான் வந்து சேர்ந்ததற்கான அடையாளம். 2010-இல் தமிழக அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தை அறிவித்தபோது, கான்கிரீட் என்பது தீப்பிடிக்காத கூரை, ஒழுகாத கூரை என்ற வாக்குறுதியாக இருந்தது. அதே கான்கிரீட்டை அப்படியே காட்டுவதுதான் அழகு என்று அடுத்த தலைமுறை சொல்லும்போது முந்தைய தலைமுறைக்கு அது கேலியாகப் படுவதில் வியப்பில்லை.

எனக்கு அந்தப் பூசாத முகம் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையின் ரேகை பதிந்த சாம்பல் நிறச் சுவரில் மாலை வெயில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், எண்ணூருக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி வரையான பட்டையில், ரசனையை வைத்து மட்டும் இந்த வழக்கை முடிக்க முடியாது. உள்ளே இருக்கும் கம்பிக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது, அது எந்தத் தண்ணீரில் கலந்தது என்பதுதான் இங்கே தீர்ப்பு எழுதும்.

புரூட்டலிசம் என்று இன்று அழைக்கப்படும் பாணியின் கதை பலருக்கும் தெரிந்ததே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் எஃகுக்குத் தட்டுப்பாடு. மார்சேய் நகரில் லெ கொர்பூசியே கட்டிய, 1952-இல் முடிந்த மாபெரும் குடியிருப்பு கான்கிரீட்டில் எழுந்தது. பலகைத் தடங்களையும் பிசிறுகளையும் அவர் மறைக்கவில்லை. அவையே கட்டடத்தின் தோலாயின. பிறகு சண்டிகர் வந்தது. ஜப்பானில் தடாவ் அண்டோ 1976-இல் ஒசாகாவின் ஒரு நெருக்கமான தெருவில் கட்டிய சிறு வீடு, பூசாத கான்கிரீட்டைக் குடும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகத் திறந்த முற்றத்தைக் கடக்க வேண்டும். மழையென்றால் குடை வேண்டும். அதை இன்றுவரை புகழ்கிறவர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இவை எதுவுமில்லை. சண்டிகருக்கும் முன்பே, புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி எழுந்தது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். தளத்தில் தங்கி வேலையை நடத்தியவர்களில் பின்னாளில் மரவேலைக்காக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் ஒருவர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1940-களில் முடிந்தது. வெளிப்புறம் பூசாத கான்கிரீட். உப்புக் காற்றில் இத்தனை பத்தாண்டுகள் அது நின்றிருக்கிறது. அப்படியானால் கும்மிடிப்பூண்டியில் ஏன் நிற்காது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் வேதியியலில் இருக்கிறது.

சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது இரண்டு பொருள்கள் பெருமளவில் உண்டாகின்றன. ஒன்று, கால்சியமும் சிலிக்காவும் நீரும் பிணைந்த பசை. கான்கிரீட்டின் வலு அதுதான். மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. வலுவுக்கு இதன் பங்கு சொற்பம். ஆனால் கம்பியின் உயிர் இதன் கையில். இது கரைந்திருப்பதால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள நீர் கடும் காரத்தன்மையோடு, பி.எச். அளவில் 12.5-க்கும் மேல் இருக்கிறது. அந்தக் காரத்தில் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உருவாகி ஒட்டிக்கொள்கிறது. படலம் இருக்கும் வரை ஈரம் வந்தாலும் காற்று வந்தாலும் கம்பி துருப்பிடிக்காது. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்களில் உருட்டித் தண்ணீரில் குளிர்விக்கப்படும் டி.எம்.டி. கம்பியானாலும் சரி, வேறெங்கு செய்ததானாலும் சரி, காப்பாற்றுவது இந்தப் படலம்தான்.

படலத்தைக் குலைக்க இரண்டு வழிகள். முதல் வழி, காற்றில் உள்ள கரியமில வாயு. அது நுண்துளைகள் வழியே நுழைந்து சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்றுகிறது. காரம் இறங்கி, பி.எச். 9-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. மேற்பரப்பில் தொடங்கும் இந்த மாற்றம் மெல்ல உள்ளே நகர்கிறது. நகரும் வேகம் நாள் ஆக ஆகக் குறைகிறது. போன ஆழம், கழிந்த ஆண்டுகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. ஒரு கான்கிரீட்டில் முதல் ஆண்டில் 4 மி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி 20 மி.மீ. ஆழத்தில் இருந்தால் 25 ஆண்டுகளில் எட்டிவிடும். 40 மி.மீ. ஆழத்தில் இருந்தால்? 50 ஆண்டு என்று வாய் சொல்லும். கணக்கு 100 ஆண்டு என்கிறது. ஆழத்தை இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. இதை எதிர்ப்பக்கமாகவும் பாருங்கள். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கலந்து, ஒழுங்காக நனைக்காமல் விட்ட கான்கிரீட்டில் முதல் ஆண்டிலேயே 8 மி.மீ. போகும் என்றால், கம்பியின் மேல் உள்ள அந்த 20 மி.மீ. கான்கிரீட், அதாவது கவர், ஆறே கால் ஆண்டில் தீர்ந்துவிடும்.

படலம் போனபின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. துரு தான் தின்ற எஃகைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்ளிருந்து நெட்டும்போது கம்பியின் நீளத்துக்கு விரிசல் விட்டு, பின் பாளம் பாளமாக உதிர்கிறது. பழைய தொகுப்பு வீடுகளின் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிற படங்களை நாம் நாளிதழ்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது வழி உப்பு. இந்த வட்டாரத்தின் தனிக் கதை இதில்தான் இருக்கிறது. குளோரைடு அயனிக்குக் காரம் குறையும் வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. போதிய அளவில் கம்பியை அடைந்ததும், படலத்தை அங்கங்கே துளைத்துக் குழி குழியாக அரிக்கத் தொடங்கிவிடும். குளோரைடு காற்றிலும் வரும். கடலலையின் நுண்துளிகள் உப்பைச் சுமந்து வருகின்றன. ஆனால் அந்த உப்பின் பெரும்பகுதி கரையை ஒட்டிய நிலத்திலேயே படிந்துவிடுகிறது. காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டிலும் காற்றுதான் முதல் எதிரி என்றால், உள்ளே தள்ளி இருக்கும் மீஞ்சூரில் எதிரி நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறான்.

1960-களின் இறுதியில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று வயல்கள் அமைத்து, சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணற்படுகையில் சேர்ந்த நல்ல தண்ணீர் அது. எடுத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை. நன்னீரின் மட்டம் தாழ, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. இந்தியாவில் கடல்நீர் ஊடுருவலைப் பற்றிப் படிக்கிற எவரும் மீஞ்சூரின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அதே மீஞ்சூரின் பெயரில் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது ஒரு கசப்பான வேடிக்கை.

சரி, வீடு கட்டுகிறவர் என்ன செய்கிறார்? மனையில் முதலில் போர் போடுகிறார். அந்தத் தண்ணீரிலேயே கான்கிரீட் கலக்கிறார், அந்தத் தண்ணீரிலேயே நனைக்கிறார். இந்தியத் தர நிர்ணயத்தின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. குடிநீர்த் தரம் என்ன சொல்கிறது? 250 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 மி.கி. வரை குடிக்கலாம். ஆக, வேறு வழியில்லாமல் மனிதர் குடிக்கலாம் என்று விட்ட தண்ணீர் கம்பிக்கு ஆகாது! "வாயில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவு உப்பு இல்லை" என்று மேஸ்திரி சொல்வதை நம்பித் தளம் போட முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இன்னொரு கணக்கு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 180 லிட்டர் தண்ணீர் செல்லும். விதிநூல் ஒரு கன மீட்டருக்கு அனுமதிக்கும் மொத்தக் குளோரைடு 600 கிராம். மணல், ஜல்லி, சிமென்ட், ரசாயனக் கலவை எல்லாம் சேர்த்து. லிட்டருக்கு 3,400 மி.கி. குளோரைடு உள்ள போர் தண்ணீர் ஒன்றே அந்த 600 கிராமைத் தொட்டுவிடும். கடல்நீரில் ஏறக்குறைய 19,000 மி.கி. இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நனைப்பதும் குறைந்த கேடில்லை: தண்ணீர் வெயிலில் ஆவியாகும், உப்பு மேற்பரப்பில் தங்கும், அடுத்த நாள் நனைக்கும்போது இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். வீடு முடிந்த அன்றே அதன் ஆயுளில் பாதியைச் செலவழித்துவிடுகிறோம்.

பூசிய வீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டுதானே என்றால், உண்டு. உள்ளே கலந்த உப்பைப் பூச்சு எடுத்துவிடாது. வெளியிலிருந்து வருவதைத்தான் பூச்சு தடுக்கும். 12 முதல் 20 மி.மீ. வரை சிமென்ட் பூச்சு, அதன் மேல் பட்டி, பிரைமர், இரண்டு கோட் பெயின்ட் என்று இத்தனையும் கரியமில வாயுவும் மழைநீரும் முதலில் கடக்க வேண்டிய தடைகள். பூச்சு விரிசல் விட்டால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். பூசாத வீட்டில் அந்தத் தடை இல்லை. கம்பியின் மேல் உள்ள கான்கிரீட்டே சட்டையும் தோலும். சித்தப்பாவின் முகச்சுளிப்பில் சமூக அந்தஸ்து பாதி இருக்கலாம். மீதிப் பாதி, பூசாமல் விட்ட வீடு சீக்கிரம் கெடும் என்று பார்த்துத் தெரிந்துகொண்ட அறிவு.

இந்த இடத்தில் பலரும் லாரி பேக்கரை இழுப்பார்கள். பூச்சு வீண் செலவு என்று சொல்லி ஆயுள் முழுவதும் பூசாத வீடுகளைக் கேரளத்தில் கட்டியவர் அவர். உண்மைதான், ஆனால் அவர் பூசாமல் விட்டது செங்கல் சுவர். அந்தச் சுவருக்குள் கம்பி கிடையாது, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. சிமென்ட்டையும் கம்பியையும் எங்கெல்லாம் குறைக்கலாம் என்று தேடியவர் அவர். அவரைச் சாட்சிக்கு அழைத்துக் கான்கிரீட் சுவர் எழுப்புவது ஆளை மாற்றி அழைப்பது. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் சூளைகள் இருக்கும் மாவட்டத்தில், பூசாத சேம்பர் செங்கல் சுவரைக் கேட்டால் நான் உடனே சரியென்பேன்.

இனி விதிநூல் கம்பிக்கு எவ்வளவு போர்வை கேட்கிறது என்று பார்ப்போம். மழை, வெயில் படாத, கடலோரமல்லாத இடத்தில் 20 மி.மீ. மிதமான சூழலில் 30. கடும் மழைக்கும் நனைந்து காய்வதற்கும் கடலோரக் காற்றுக்கும் ஆளாகும் முகத்துக்கு 45, அங்கே கான்கிரீட்டும் எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது, சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. கடல்நீர்த் தெறிப்போ அரிக்கும் புகையோ இருந்தால் 50 மி.மீ., எம்-35. அந்த 'அரிக்கும் புகை' என்ற சொற்களை உலைக்கூடங்களும் அமிலத்தில் கம்பி கழுவும் பட்டறைகளும் உள்ள ஒரு தொழிற்பேட்டையின் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் நின்று படிக்க வேண்டும். இந்த அளவு, வளையக் கம்பியின் வெளிமுகத்திலிருந்து கான்கிரீட்டின் வெளிமுகம் வரை, பூச்சைச் சேர்க்காமல்.

இப்போது தளத்துக்குப் போவோம். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலப் பில்லர். கவர் பிளாக்குக்குப் பதில் கம்பிக்கு அடியில் நாலு ஜல்லித் துண்டு. ஆட்கள் மேலே நடக்க, ஜல்லி நழுவ, கம்பி ஷீட்டில் உட்கார்ந்துவிடும். வாடகைக்கு எடுத்த தகர ஷீட்டுகள் ஏற்கெனவே பல தளம் பார்த்தவை. இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகி, பிரிக்கும்போது ஜல்லி பல்லிளிக்கும். வழக்கமான வீட்டில் இதையெல்லாம் கொத்தனார் கலவை அப்பி மறைத்துவிடுவார். மறைக்க முடியாது என்பதுதான் பூசாத வீட்டின் நேர்மை என்று சொல்வார்கள். நேர்மைக்கு விலையுண்டு: புதிய பிளைவுட், எண்ணெய், இடுக்குக்குப் பட்டை, வைப்ரேட்டர் பிடிக்கத் தெரிந்த ஆள், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றும் ஏற்பாடு. பூச்சுக்கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு இறங்குகிறவர்கள் முடிவில் பூசிய வீட்டைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். கோல்கொண்ட் நின்றதன் காரணம் இதுதான். அவசரமில்லாத வேலை, ஆசிரமத்தாரே கூட நின்ற கண்காணிப்பு, பிறகு இன்றுவரை விடாத பராமரிப்பு. கான்கிரீட்டின் பூசாத முகத்தை மட்டும் அங்கிருந்து நகலெடுத்தால் போதாது.

வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவரை அதிகம் பேசுகிறார்கள். ஆறு அங்குலக் கான்கிரீட் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பது சரி. ஆனால் 13 பாகை அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. வீட்டைச் சுடுவது கூரை. வெயில் பட்ட பழைய கான்கிரீட் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பினால் அதிகம். வெள்ளை அடித்த தட்டோடு அதைப்போல் இரண்டு மடங்கு திருப்பும். கோல்கொண்டில் தட்டையான தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, நடுவில் காற்று ஓட இடம் விட்டார்கள். அந்தக் கூரையை நகலெடுப்பவர்கள் குறைவு. இதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் திருத்தணியைப் பாருங்கள். கோடையில் தமிழகத்தின் உச்ச வெப்பப் பட்டியலில் அடிக்கடி வரும் ஊர். ஆனால் கடல் தூரம், காற்றும் வறண்டது. பகலில் சூடேறிய சுவர் இரவில் ஆற ஓரளவு வாய்ப்புண்டு, உப்பும் இல்லை. பூசாத கான்கிரீட்டைப் பொறுத்தவரை திருத்தணி, கும்மிடிப்பூண்டியைவிட எவ்வளவோ மேல். கிழக்கே, ஈரக் காற்றில் இரவும் புழுங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பூசாத சுவரில் பாசியும் கருமையும் ஓடிவிடும். நீர் ஒட்டாத சிலேன் வகைப் பூச்சு அடித்தால் தாமதமாகும். அதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். பராமரிப்பே வேண்டாத வீடு என்று விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

சாம்பலைப் பற்றியும் ஒரு சொல். அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின்நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலால் எண்ணூர்க் கழிமுகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதே உலர்சாம்பல் சிமென்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்து பி.பி.சி. மூட்டையாகக் கடைக்கு வருகிறது. சாம்பல் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளை அடைப்பதால் குளோரைடு நுழைவது கடினமாகிறது. உப்பு மண்ணுக்கு இது நல்ல சிமென்ட். ஆனால் சுண்ணாம்பின் இருப்பு குறைவதால் கரியமில வாயுவுக்கு எதிரான சேமிப்பும் குறைகிறது. சாம்பல் மெதுவாகவே வேலை செய்யும். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள் நனைத்தால் போதும் என்கிற விதிநூல், கலப்புச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாளை விரும்புகிறது. மூன்றாம் நாளே சாக்கை எடுத்துவிடும் நம் வழக்கம் பூசாத வீட்டுக்கு விஷம்.

என் முடிவு இது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், பழவேற்காடு வட்டாரத்தில் சொந்தப் பணத்தில், உள்ளூர் மேஸ்திரியை வைத்து வீடு கட்டுகிறவர் வெளிச்சுவரையும் கூரையின் மேல்முகத்தையும் பூசாமல் விடக் கூடாது. ஆசை இருந்தால் கூடத்தின் உள்ளே, குளியலறையும் சமையலறையும் தவிர்த்து, ஒரு சுவரையோ மேற்தளத்தின் அடிமுகத்தையோ அப்படியே விடுங்கள். அங்கும் 30 மி.மீ. கவர் கேளுங்கள், அச்சில் வார்த்த கவர் பிளாக்கை உங்கள் கையாலேயே எண்ணிக் கொடுங்கள். பணம் குறைந்து பூச்சு தள்ளிப்போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாடியில் நீட்டிய கம்பிகளுக்கு மெலிந்த கான்கிரீட்டால் ஒரு மூடி போட்டுவையுங்கள். பூசாமல் பல ஆண்டு நின்ற வீட்டை வாங்குகிறவர்கள், ஒரு பில்லரின் ஓரத்தைச் சிறிது உடைத்து அந்தப் புது முகத்தில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பினாப்தலீனைத் தெளிக்கச் சொல்லலாம். இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் காரம் இருக்கிறது; நிறமே வராத ஆழம் கம்பியைத் தொட்டிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் தளம் போடும் தேதியைக் குறிப்பதற்கு முன், போர் தண்ணீரைச் சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைக் கேளுங்கள். 500-ஐத் தாண்டியிருந்தால் கலக்கவும் நனைக்கவும் லாரித் தண்ணீர் வாங்குங்கள், அதையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு.